கழிவுகள்

பத்தாம் திகதி சம்பளம்.
அன்று இரவு எங்கள் குடும்பக் குழுவில்
சிட்டைகள் வந்து விழும்.

தொடங்கிவைத்தது தவநேசன் அண்ணா.
வூப்பெற்றாலில் பொதி ஏற்றுகிறான்.
அவன் அனுப்பிய படத்தில் ஒவ்வொரு சொல்லும்
சரக்கு ரயில் நீளம்.
"பென்சனுக்கு ஒன்பதுக்கு மேல.
வருத்தத்துக்குத் தனி. வேலை போனால் அதுக்குத் தனி.
கிழண்டு படுத்தால் என்னைத் தூக்கிக் குளிப்பாட்ட
அதுக்கும் ஒரு வரி போட்டிருக்கிறான் பார்.
கூட்டினால் நூறில் இருபது தாண்டுது.
அரசாங்க வரி புறம்பு."

சுகிர்தமலர் அக்கா சுவிஸிலிருந்து
குரலில் பேசினாள், பின்னால் கோப்பை கழுவும் சத்தம்:
வயது ஏற ஏற அவளுக்குக் கழிவும் ஏறுகிறதாம்,
பல் வலிக்கு மட்டும் எதிலும் இடமில்லையாம்.

கபிலேஷ் கத்தாரில்.
வெறும் உள்ளங்கையைப் படம் எடுத்துப் போட்டான்.
"எனக்கு ஒரு சதம் வெட்டுறதில்லை."
எல்லோரும் சிரித்தோம்.
கொஞ்சம் பொறுத்து அவனே எழுதினான்:
"காசை வெட்டமாட்டாங்கள்.
விழுந்து கால் முறிஞ்சால் ஆளை வெட்டுவாங்கள்."

நான் விசுவமடுவிலிருந்து
ஐந்தரை பஸ் பிடித்து ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவள்.
தைப்பதில்லை. சம்பளப் பிரிவு.
எண்ணூற்றுச் சொச்சம் பெயர்களுக்கு எதிரே
மாதாமாதம் எட்டு வீதம் கழிக்கிற கை என்னுடையது.
முதலாளி பன்னிரண்டு, நம்பிக்கை நிதிக்கு மூன்று.
சிட்டையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வருகிற பிள்ளைகள்
அந்தப் பன்னிரண்டைப் பார்ப்பதில்லை.
எட்டை மட்டும் விரலால் தொட்டு,
"இது ஏன் அக்கா?" என்பார்கள்.

அண்ணாவுக்கு எழுதினேன்:
என்ர எட்டு எனக்கே. தனிப் பானை,
அடுப்பும் நானே, பசியும் நானே.
உன்ர இருபது ஊர்ப் பானை.
உனக்கு முன்னம் யாரோ சாப்பிடுகினம்.
நீ கிழண்டு வரேக்க
அகப்பை பிடிக்க ஆள் இருக்கவேணும், அவ்வளவுதான்.
அவன் ஒரு சிரிப்பு முகம் போட்டான்.
பிறகு, "இஞ்சை பிள்ளை பெறுறாக்கள் குறைவு" என்றான்.

அம்மா அப்போதுதான் வந்தா.
கச்சான் பிடுங்கி நகக்கண் முழுக்க செம்மண்.
நாட்கூலி ஆயிரத்தைந்நூறு,
கழிவு ஒன்றுமில்லை, சிட்டையும் இல்லை.
கிணற்றடிக்குப் போகாமல் என் தோளுக்கு மேலால்
போனை எட்டிப் பார்த்தா.
"இருபது எண்டால்?"
நூறில் இருபது, அம்மா.
"விளங்கிற மாதிரிச் சொல்லு."
அஞ்சில் ஒண்டு.

அவ கையை விரித்து
விரல்களைப் பார்த்தா.
தவநேசன், சுகிர்தமலர், வதனரூபி, நான், கபிலேஷ்.
நடுவிரலை மடக்கினா.
"அப்ப நாங்கள் எப்பவோ கட்டிட்டம்."

வீட்டுக்கு ஒன்று என்று வந்து கேட்ட வருடம்.
ஓ.எல். பெறுபேறு வராமலே
அவள் பின்னலை அறுத்துக்கொண்டு போனாள்.
வரிசையில் அடுத்தது நான்.
எனக்குப் பதினான்கு.
பிறகு ஒருவரும் எங்கள் படலையைத் தட்டவில்லை.
ஒரு வருடம் என்னை மூடிக் காத்த அந்தக் கணக்குக்கு
அங்கத்துவ இலக்கம் கிடையாது.

குரல்பதிவு பொத்தானில் என் விரல் இருந்திருக்கிறது.
அம்மா சொன்னது மூன்று நாடுகளுக்கும் போய்விட்டது.
நீலச் சரிகள் வந்தன.
ஒன்றும் வரவில்லை.
வெகுநேரம் கழித்து கபிலேஷ் மட்டும்,
"அங்க மழையோ?"

மழைதான்.
தகரம் இரைந்தது.
அம்மா நகத்தை ஈர்க்கால் கிண்டிக்கொண்டிருந்தா.

காலையில் ஒரு புதுப்பிள்ளை, முத்தையன்கட்டுப் பக்கம்,
படிவம் நிரப்ப வந்தாள். பதினெட்டும் ஒரு மாதமும்.
உரித்தாளி என்ற இடத்தில் பேனையைத் தூக்கிப் பிடித்து
"அக்கா, தங்கச்சியைப் போடலாமோ?" என்றாள்.

போடு, என்றேன்.
முழுப் பெயரும் போடு.